திரும்பி வரும் பிளாஸ்டிக் மூட்டைகள்: தரம் பிரிப்பை எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வி – மாதர் சங்கச் செயலாளர், கிளிநொச்சி

அனைவருக்கும் வணக்கம். இரணைமடு வாய்க்காலை அண்டிய ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். வளவைக் கூட்டிச் சருகோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் எரிக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று கடந்த தைப்பொங்கலுக்குப் பின் நடந்த எங்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அன்று முதல் சனிக்கிழமை தோறும் உறுப்பினர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் வீடு வீடாகச் சென்று பிளாஸ்டிக்கைச் சேர்த்து, பழைய முன்பள்ளிக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் உரப்பைகளில் கட்டி வைக்கிறோம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, பழைய இரும்பும் போத்தலும் வாங்கும் வியாபாரி ஒருவரின் லொறி வந்து ஏற்றிச் செல்லும்.

சென்ற தடவை நடந்ததைச் சொல்கிறேன். கட்டி வைத்திருந்த பதினெட்டு மூட்டைகளில் ஒன்றை வியாபாரி அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அகப்பட்டதை வெளியே எடுத்தார். முதலில் வந்தது ஒரு சோடாப் போத்தல். அதன் வாய்க்குள் பிஸ்கற் உறைகளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அடுத்தது தேங்காயெண்ணெய்ப் போத்தல். எண்ணெயின் மேல் மண் அப்பி, கையில் எடுத்தாலே வழுக்கியது. மூன்றாவது பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல். மூடி இறுக்கமாக இருந்தும் மணம் வந்தது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு மூட்டைகளை மட்டும் கலப்பு விலைக்கு ஏற்றிக்கொண்டு, மிகுதியை அப்படியே விட்டுச் சென்றார். மறுநாள் காலை, எரிப்பதை நிறுத்துவோம் என்று கையுயர்த்திய எங்கள் உறுப்பினர் ஒருவரே மண்ணெண்ணெய்ப் போத்தலோடு அந்தப் பதினொரு மூட்டைகளின் முன்னால் வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எரிக்க விடவில்லை. ஆனால் இப்படியே தொடரவும் முடியாது. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும், அதைப் பார்த்து ஏழு வகையாகப் பிரியுங்கள் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். வயதான அம்மாமாருக்கு அந்த இலக்கம் கண்ணுக்கே தெரிவதில்லை; பல பொருள்களில் அது இல்லவும் இல்லை. கழுவிக் கொடுங்கள் என்றால், ஆடி ஆவணியில் குடிக்கிற தண்ணீருக்கே பவுசரைப் பார்த்திருக்கிறோம், போத்தல் கழுவ எங்கே போவது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பொலித்தீனை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. மூட்டை திரும்பி வராதபடி எதை, எங்கே, எத்தனையாகப் பிரிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.


பதில் 1 – தரம் பிரிப்பு மேற்பார்வையாளர், வவுனியா

செயலாளர் அக்காவுக்கு வணக்கம். தரம் பிரிக்கும் மேசையில் நின்று பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த வியாபாரி மீது மனக்குறை கொள்ள வேண்டாம். ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதபோது, அதற்குள் இருக்கக்கூடிய மிக மோசமான பொருளை நினைத்துத்தான் வாங்குபவர் விலை சொல்வார். மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இன்னதுதான் இருக்கும் என்று அவர் நம்பத் தொடங்கும் நாளில் உங்கள் விலை ஏறும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதைச் சொல்லிவிட்டால் உறுப்பினர்களுக்கும் விளங்கும். தண்ணீர், சோடாப் போத்தல்கள் பெட் என்னும் வகையைச் சேர்ந்தவை. தெற்கிலுள்ள ஆலைகளில் அவற்றைச் செதில்களாக வெட்டி, கழுவி, உலர்த்தி, உருக்கி, நூலாகவும் தும்புத்தடி, தூரிகை ஆகியவற்றின் நாராகவும் இழுக்கிறார்கள். பெட் உருகுவதற்கு ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் செதில்களோடு, தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி. வகையில் ஒரு துண்டு போய்விட்டால், அது அந்த வெப்பத்தைத் தாங்காமல் முன்னதாகவே கருகி அமிலப் புகையை விடுகிறது. அந்த அமிலம் பெட்டின் இழையை அறுத்துப் பலவீனமாக்குவதுடன் இயந்திரத்தையும் அரித்துவிடும். மறுவளமாக, சவர்க்காரத் திரவப் போத்தல்களோடு பெட் போய்விட்டால், அவை உருகும் வெப்பத்தில் பெட் உருகாமல் கட்டியாக நின்று வடியை அடைத்துவிடும். எங்கள் கைக்குச் சிறிதாகத் தெரியும் பிழை ஆலையில் ஒரு நாள் வேலையை நிறுத்தக்கூடியது.

ஆனால் அந்த ஏழு இலக்கங்களை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அது 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் தங்கள் வசதிக்காகக் கொண்டுவந்த வகைக்குறி. இன்ன பிசினால் செய்தது என்று அது சொல்லுமே தவிர, இதை மீள்சுழற்சிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லாது. எங்கள் சனத்துக்கு இலக்கம் மனத்தில் நிற்காது, பொருளின் பெயர் நிற்கும். ஆகவே பொருளின் பெயரைச் சொல்லியே பிரியுங்கள். ஒரு உரப்பையில் தண்ணீர்ப் போத்தலும் சோடாப் போத்தலும் மட்டும். இன்னொன்றில் ஷம்பூ, சவர்க்காரத் திரவம், கழிப்பறை கழுவும் திரவம் முதலியவற்றின் தடித்த, ஒளி ஊடுருவாத போத்தல்கள். மூன்றாவதில் உடைந்த வாளி, கோப்பை, கதிரை, மூடிகள். நான்காவதில் காய்ந்த, எண்ணெய் படாத பொலித்தீன். இவை தவிர ஒரு கடகம் வைத்து அதற்குத் ‘தெரியாதவை’ என்று பெயர் எழுதுங்கள். எதில் போடுவதென்று ஐயம் வந்தால் நல்ல மூட்டைக்குள் போடாமல் அந்தக் கடகத்துக்குள் போட வேண்டும். உங்கள் மூட்டைகளைக் காப்பாற்றப் போவது அந்தக் கடகந்தான். எங்கள் மேசையில் புதிதாக வேலைக்கு வருபவருக்கு நாங்கள் முதலில் பழக்குவதும் அதையே.

தெளிவான போத்தல் எல்லாம் பெட் அல்ல. சந்தேகமானால் அடியைத் திருப்பிப் பாருங்கள். பெட் போத்தலின் அடி நடுவில் பருப்போல ஒரு சிறிய புள்ளி விரலுக்குத் தட்டுப்படும். அந்த இடத்தில் குறுக்கே நேர்கோடாக ஓர் ஒட்டுத் தழும்பு இருந்து, போத்தலும் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால், அது பி.வி.சி.யாக இருக்கலாம், அதைக் கடகத்துக்குள் போட்டுவிடுங்கள். பெட்டிலும் நிறமற்றதுக்குத்தான் நல்ல விலை. பச்சை, மண்ணிறப் போத்தல்களைத் தனியே கட்டுங்கள்.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவத் தேவையில்லை. பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒரு கை விட்டுக் குலுக்கி ஊற்றினால் போதும். அதைவிட முக்கியமானது காய வைப்பது. எங்கள் பக்கத்து வீடுகளில் வேலிக் கதியாலின் நுனியில் போத்தலைக் கவிழ்த்து விடுகிறார்கள். இரண்டு நாள் வெயிலில் உள்ளே ஒரு துளி ஈரமும் இராது. காய்ந்ததும் எடுத்து நிழலில் வையுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கிப் பொடியாகும். வெளியில் கிடந்தால் மாரியில் அதற்குள் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்புக்கும் இடமாகிவிடும்.

இன்னும் ஒன்று, காலால் மிதித்துத் தட்டையாக்கிக் கட்டுங்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று ஏறத்தாழ 15 முதல் 20 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோவுக்கு ஐம்பது போத்தலாவது வேண்டும். மிதிக்காத போத்தலை ஏற்றினால் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் காற்றைத்தான் லொறி சுமந்து போகிறது. அந்த டீசல் செலவும் உங்கள் விலையிலிருந்தே கழிகிறது.


பதில் 2 – இரசாயனவியல் ஆசிரியர், முள்ளியவளை

வணக்கம். மேற்பார்வையாளர் சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் ‘தெரியாதவை’ கடகம் நிரம்பிய பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றே போதும். உயர்தர மாணவர்களோடு நான் பல தடவை செய்து பார்த்த சோதனை இது.

பொருளிலிருந்து பெருவிரல் நகமளவு துண்டொன்றை வெட்டி, அதில் சிட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிட்டு, ஒரு சொட்டுச் சவர்க்கார நீரைத் தடவித் தண்ணீருக்குள்ளே அமிழ்த்திப் பிடித்து, பிறகு கையை விட வேண்டும். சவர்க்காரம் தடவாவிட்டால் துண்டில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிகள் தாழ வேண்டியதையும் மிதக்கவைத்து ஏமாற்றிவிடும். தண்ணீரின் அடர்த்தி 1 என்று கொண்டால், வாளிகளிலும் மூடிகளிலும் வரும் பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 0.90, சொப்பிங் பைகளில் வரும் தாழ் அடர்த்திப் பொலித்தீன் 0.92, ஷம்பூப் போத்தல்களின் உயர் அடர்த்திப் பொலித்தீன் 0.95. இவை மூன்றும் மிதக்கும். பொலிஸ்தைரீன் 1.05, பி.வி.சி. 1.3க்கு மேல், பெட் ஏறத்தாழ 1.38. இவை தாழும். ஆனையிறவு உப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து அடர்த்தியை 1.2 வரை உயர்த்திக்கொண்டால், அந்த நீரில் பொலிஸ்தைரீன் மேலே வந்துவிடும், பெட்டும் பி.வி.சி.யும் அடியிலேயே கிடக்கும். அந்த இரண்டையும் எந்தத் தண்ணீராலும் பிரிக்க முடியாது என்பதால்தான் மேற்பார்வையாளர் சொன்ன அடித் தழும்புப் பார்வை அவ்வளவு பெறுமதியானது.

இச்சோதனைக்கும் விலக்குகள் உண்டு. விலையைக் குறைப்பதற்காகச் சில பிளாஸ்டிக் கதிரைகளிலும் கூடைகளிலும் சுண்ணாம்புக்கல் மாவைக் கலக்கிறார்கள். அந்த மாவின் அடர்த்தி பிளாஸ்டிக்கை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. பொலிபுரொப்பிலீனின் நிறையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் அது கலந்திருந்தால் மிதக்க வேண்டிய பொருள் தாழ்ந்துவிடும். ஆகவே கதிரைக்கால் தாழ்கிறதே என்று அதைப் பெட்டோடு சேர்த்துவிடக் கூடாது. ரெஜிபோம் இதற்கு நேர்மாறு; அதுவும் பொலிஸ்தைரீன்தான், உள்ளே காற்று நிறைந்திருப்பதால் மிதக்கிறது.

எங்கள் கரையோரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. பச்சை, நீலக் கயிறுகளையும் நாங்கள் நைலோன் கயிறு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றுள் பெரும்பாலானவை நைலோன் அல்ல, பொலிபுரொப்பிலீன் அல்லது பொலித்தீன். வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். தங்கூசி வலைதான் உண்மையான நைலோன், அது தாழும். வலையையும் கயிற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டும் பழுது. ஈயக் குண்டையும் மிதப்பையும் அறுத்தெடுத்துவிட்டு வலையைத் தனியே கட்ட வேண்டும்.

மூடி பற்றியும் ஒரு சொல். பெட் போத்தலின் மூடி பெட் அல்ல. அது மிதக்கும், போத்தல் தாழும். வெட்டிக் கழுவும் ஆலைகளில் இரண்டும் தொட்டியிலேயே தாமாகப் பிரிந்துவிடுவதால், போத்தலைத் தட்டையாக்கி மூடியைப் பூட்டியே அனுப்புங்கள் என்று கேட்கும் ஆலைகள் பல நாடுகளில் உண்டு. உங்கள் வியாபாரி எதை விரும்புகிறார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. கழற்றித் தனியே சேர்த்தால் மூடிக்கு வேறு விலை கிடைக்கலாம்.

எரித்து மணம் பார்த்து வகை அறியும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்; பி.வி.சி.யின் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. காதும் விரலும் போதுமானவை. பிஸ்கற் உறை கசக்கினால் சரசரக்கும், சொப்பிங் பை ஓசையின்றி இழுபடும். வாளித் துண்டை மடித்தால் மடிப்பு வெளிறும், முறியாது. பொலிஸ்தைரீன் கோப்பையை மடித்தால் படீரென்று முறியும். பெரிய நாடுகளில் இந்த வேலையை அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் இயந்திரங்கள் செய்கின்றன. ஆனால் கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் அது என்ன வகையென்று அவற்றால் கண்டுபிடிக்க முடிவதில்லை. பழகிய கைக்கு அந்தக் குறை இல்லை.


பதில் 3 – விவசாயத் துறையில் பணிபுரிபவர், விசுவமடு

மூன்றாவதாக வெளிவந்த அந்த மருந்துப் போத்தலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் உயிரோடு விளையாடுவது.

களைகொல்லி, பூச்சிகொல்லிப் போத்தல்கள் வீட்டுப் பிளாஸ்டிக்கோடு ஒருபோதும் சேரக் கூடாது. காலபோகத்துக்கு மருந்து அடிக்கிற நாள்களில் வரம்பிலும் வாய்க்கால் கட்டிலும் அவை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்தை விசிறியில் ஊற்றி முடித்தவுடன், அந்த இடத்திலேயே, போத்தலின் கால்வாசிக்குத் தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் விசிறித் தாங்கிக்குள் ஊற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை. அந்தத் தண்ணீரும் மருந்துதான். வயலுக்கே போய்விடுவதால் காசும் வீணாகாது, கிணற்றடியும் பழுதாகாது. பிறகு அடியில் ஆணியால் துளையிட்டால் ஒருவரும் அதில் தண்ணீரோ எண்ணெயோ நிரப்பமாட்டார்கள். இந்தத் துளையை வற்புறுத்துகிறேன். கழுவியாயிற்றே என்று அப்படியான போத்தலில் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளையை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பெட், பி.வி.சி. போத்தல்களில் விவசாய இரசாயனங்களை அடைப்பதை 2021 மார்ச் 31 முதல் அரசாங்கம் தடை செய்திருந்தாலும், பழைய போத்தல்கள் இன்னும் கொட்டில்களில் உண்டு.

துளையிட்ட போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுவராமல், கமக்கார அமைப்பின் பொறுப்பில் ஒரு பூட்டுள்ள கொள்கலனில் சேர்த்து வையுங்கள். எப்படி அகற்றுவதென்று கமநல சேவை நிலையத்தில் கேட்டு முடிவு செய்யலாம்.


பதில் 4 – ஓய்வுபெற்ற சமுதாய அலுவலர், மாங்குளம்

பொலித்தீனைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை. செயலாளர் தங்கச்சி, உங்களுடைய திரும்பி வந்த மூட்டைகளில் பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒரு சொப்பிங் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு மாதக்கணக்கில் பாவித்தோம். ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு விளக்காக்கினோம். உரப்பை பாயாயிற்று, மறைப்பாயிற்று, மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அணையாயிற்று. கிடைக்காத காலத்தில் ஒவ்வொரு பொருளையும் அது எதனால் ஆனது, எதற்கு உதவும் என்று கையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது. பாதை திறந்து பொருள்கள் வந்து குவிந்த பிறகு அந்தப் பார்வை போய்விட்டது என்பது என் மனத்தாங்கல்.

உரப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பின்னியிருப்பது பொலிபுரொப்பிலீன் நாடா. உள்ளே தெரியும் மெல்லிய பை பொலித்தீன். இரண்டும் வேறு வேறு வகை. பழைய உரப்பையை விற்பதானால் உள்பையை உருவியெடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஒரு நிமிட வேலை, ஆனால் ஒருவரும் செய்வதில்லை.

பிஸ்கற் உறை, ஷம்பூப் பக்கற், உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற் ஆகியவை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படலங்களை ஒட்டிச் செய்தவை. உள்ளே வெள்ளிபோலத் தெரிவது அலுமினியம். அந்தப் படலங்களைப் பிரித்தெடுக்க எங்கள் நாட்டில் வழி இல்லை, வியாபாரியும் எடுக்கமாட்டார். இதை உறுப்பினர்களுக்கு நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. எல்லாமே மீள்சுழற்சிக்குப் போகும் என்று சொல்லிச் சேர்த்தால், பிறகு அவர்களே மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வருவார்கள். புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் இத்தகைய கழிவுகளை எரிபொருளாகப் பாவிக்கிறார்கள். சீமெந்துக் கட்டி உருவாக அங்கே 1450 பாகையளவு வெப்பம் வேண்டியிருப்பதால், அது வளவில் எரிப்பதைப் போன்றதல்ல. ஆனால் ஒரு கிராமத்தின் நாலு மூட்டையை அங்கே அனுப்ப முடியாது. பிரதேச சபைகள் சேர்ந்து பெருந்தொகையாகக் கொடுத்தால்தான் அது நடக்கும். உங்கள் தவிசாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை இவற்றைத் தனி மூட்டையில் கட்டிச் சபையின் உக்காத கழிவு உழவு இயந்திரத்தில் கொடுங்கள். வளவில் எரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் உட்படக் கழிவுகளைத் திறந்த வெளியில் எரிப்பதற்கு 2017 செப்ரெம்பரிலிருந்தே சட்டப்படி தடை இருக்கிறது. மெல்லிய பொலித்தீனும் லன்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் அதே நேரத்தில்தான் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்ரோபர் முதல் உறிஞ்சுகுழல், யோகட் கரண்டி, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை ஆகியவற்றுக்கும் தடை வந்தது. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் முன்னதாக இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினால், பிரிக்க வேண்டிய அளவே குறைந்துவிடும்.

எண்ணெய் படாத சொப்பிங் பைகளை மட்டும் உதறிக் காயவைத்து ஒரே பைக்குள் அடைத்துச் சேருங்கள். கொத்து ரொட்டி கட்டிய பொலித்தீனை அதற்குள் விட வேண்டாம். கறி மணம் பட்ட பொலித்தீனைத்தான் கட்டாக்காலி மாடுகளும் தேடி வந்து தின்னுகின்றன. எங்கள் பக்கத்தில் நின்றபடியே மெலிந்து செத்த ஒரு பசுவின் வயிற்றைக் கால்நடை வைத்தியர் திறந்தபோது, தலையணையளவு பொலித்தீன் திரள் ஒன்று வந்தது. அதற்குள் முடிச்சு அவிழாத ஒரு பையில் சோறு வைத்துக் கட்டியபடியே இருந்தது. உணவை ஊற்றிவிட்டுப் பையைத் தனியே போடுங்கள், முடிச்சுப் போட்டு எறியாதீர்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும் என்று அன்றுதான் தீர்மானித்தேன்.


மீண்டும் – மாதர் சங்கச் செயலாளர், கிளிநொச்சி

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். செய்து பார்த்துவிட்டு எழுதவேண்டும் என்பதால் தாமதித்தேன்.

முதலில் கொட்டகைச் சுவரில் ஐந்து ஆணி அடித்து ஒவ்வொன்றிலும் ஓர் உரப்பையைத் தொங்கவிட்டோம். பையின் மேல் எழுத்து எழுதவில்லை. அந்தந்தப் பொருளையே ஒரு கயிற்றில் கட்டி மேலே தொங்கவிட்டோம். தண்ணீர்ப் போத்தல் தொங்கும் பைக்குள் தண்ணீர்ப் போத்தல், ஷம்பூப் போத்தல் தொங்கும் பைக்குள் ஷம்பூப் போத்தல். கண் தெரியாத அம்மாமாரும் பிழை விடவில்லை. வீடுகளில் ஐந்து பைகள் வைக்க இடமில்லை என்றார்கள், ஆகவே வீட்டில் போத்தலுக்கு ஒன்று, பொலித்தீனுக்கு ஒன்று என இரண்டு மட்டும். மிகுதிப் பிரிப்பு சனிக்கிழமை கொட்டகையில் நடக்கிறது. ஈரமானதையும் உள்ளே எதையாவது திணித்ததையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றாமல் வீட்டு வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். முதல் இரண்டு வாரம் சிலர் முகம் கோணினார்கள். மூன்றாம் வாரம் ஒழுங்கையின் இரு பக்கத்து வேலிக் கதியால்களிலும் போத்தல்கள் கவிழ்ந்து நின்றன.

ஆசிரியர் ஐயா சொன்ன தண்ணீர்ச் சோதனையை மாடு தண்ணீர் குடிக்கும் சீமெந்துத் தொட்டியில், மாட்டுக்கு வேறு தண்ணீர் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கொண்டு செய்வித்தோம். கதிரைக்கால் தாழ்ந்தது. நீங்கள் முன்கூட்டியே எழுதியிராவிட்டால் அதைப் பிழையான மூட்டையில்தான் போட்டிருப்போம். மருந்துப் போத்தல்கள் இப்போது கமக்கார அமைப்பின் கொட்டிலில், பூட்டுப் போட்ட பீப்பாய்க்குள் இருக்கின்றன. பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

சென்ற கிழமை லொறி வந்தது. வியாபாரி மூன்று மூட்டைகளை அவிழ்த்தார்; நான்காவதை அவிழ்க்கவில்லை. மூடியைக் கழற்றித் தனியே தரும்படி கேட்டார், அப்படியே செய்கிறோம். நிறமற்ற போத்தலுக்குத் தனி விலை தந்தார். ஒரு மூட்டை மாத்திரம் திரும்பியது. அதில் யோகட் கோப்பைகளும் ஐஸ்கிறீம் கோப்பைகளும் கலந்திருந்தன. இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கின்றன. இவற்றைப் பிரித்து வைப்பதில் பயன் உண்டா, அல்லது உக்காத கழிவோடு கொடுத்துவிடலாமா?


பதில் 5 – தரம் பிரிப்பு மேற்பார்வையாளர், வவுனியா

அக்கா, நான்காவது மூட்டையை அவர் அவிழ்க்கவில்லை என்பதை வாசித்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

கோப்பைகளை வாயோரத்தில் பிடித்து மடித்துப் பாருங்கள். படீரென்று வெடித்தால் பொலிஸ்தைரீன். யோகட் கோப்பைகளில் பல அப்படித்தான். வெளிறி மடிந்து நின்றால் பொலிபுரொப்பிலீன். அதை வாளிகளும் மூடிகளும் இருக்கும் பையிலேயே போடலாம். வெடிக்கும் வகைக்கு எங்கள் பக்கத்தில் வாங்குபவர் குறைவு, நிறையும் மிகக் குறைவு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஓர் உரப்பையில் ஆயிரக்கணக்கில் அடங்கும் என்பதால், கழுவிக் காயவைத்து அடுக்கியே சேருங்கள். அடுத்த தடவை லொறி புறப்படுவதற்கு முதல் நாள் வியாபாரிக்கு அழைத்து, அதை எடுப்பாரா என்று கேளுங்கள். எடுக்கமாட்டார் என்றால் அந்தப் பையைக் கொட்டகையின் நிழலில் வைத்திருங்கள். வவுனியாவில் யாராவது கேட்டு வந்தால் உங்களுக்கு நான் அறியத் தருகிறேன்.